நான்காவது வளைவிலிருந்து ஏழாவது வளைவு வரை

மார்ச் 4

தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காரின் இஞ்ஜினைப் பிரிக்கப் போகிறேன். இருபது மாதமாக ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அறுபது வருடத்துக்கு முன்னால் பிரிட்டனில் செய்த வண்டிக்கு இந்த ஊரில் யாரும் கை வைக்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் நானே பிரித்து நானே பூட்டப் போகிறேன். பல் செட் செய்கிறவளுக்கு இஞ்ஜின் எதற்கு என்று லேபில் எல்லோரும் கேட்டாயிற்று. ஒரு வாய்க்குள் இருபத்தெட்டு பல்லை மேலும் கீழும் இடிக்காமல் உட்கார வைக்கிறவளுக்கு நான்கு பிஸ்டன் ஒன்றும் பெரிய காரியமில்லை.

ஒரு விவரம் வேண்டும். அன்று மலை ஏறும்போது முதலில் கேட்டது மெல்லிய ‘டிக் டிக்’கா, கனத்த ‘டக் டக்’கா? எந்த இடத்தில் ஆரம்பித்தது? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அக்கா

---

மார்ச் 10

அக்காவுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு மாட்டின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது. மாடு பொறுமைசாலி, கடிக்கவில்லை.

‘இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்’ என்று எழுதியிருக்கிறாய். பதில்: டக் டக். ஏழாவது வளைவில் ஆரம்பித்தது. உடனே ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். போதுமா?

எனக்குப் போதாது. அன்று மலை உச்சியில், பழைய கார்ப் பயணத்துக்கு வந்த அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டு நிற்க, வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்ததும் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “உன் கை பட்டது எதுவும் உருப்படாது. இனிமே என்கிட்ட பேசாத.” கால் சுளுக்கியதால் நீ ஓட்ட முடியாது என்றுதான் சாவியை என்னிடம் கொடுத்தாய். நானாகக் கேட்கவில்லை. கேட்க ஆசை இருந்தது, அது வேறு.

பேசாதே என்றாய், பேசவில்லை. போனில் உன் பெயர் வந்தால்கூட எடுத்திருக்க மாட்டேன், ஆனால் நீயும் கூப்பிடவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கை பட்டு எழுபத்து மூன்று கன்றுக்குட்டிகள் பிறந்திருக்கின்றன. நோட்டில் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லாம் உருப்படியாக ஓடித் திரிகின்றன.

உன் மாப்பிள்ளை நலம். கடிதத்தை அவரும் படித்தார். “அக்கா சமாதானத்துக்கு வர்றாங்க,” என்றார். “சமாதானம் இப்படியா இருக்கும்?” என்றேன். “உங்க வீட்டுல இப்படித்தான் இருக்கும்,” என்றார்.

தங்கை

---

மார்ச் 24

தங்கைக்கு,

டக் டக் என்று நீ எழுதியது சரிதான்.

மூன்று சனிக்கிழமைகளில் இஞ்ஜினை வெளியே எடுத்துவிட்டேன். ஷெட் உத்தரத்தில் சங்கிலி போட்டு, பக்கத்து வீட்டு ஓட்டுநர் ஒரு பக்கம் பிடிக்க, ஒவ்வொரு விரற்கடையாகத் தூக்கினோம். இஞ்ஜினைத் தூக்கியதும் கார் நான்கு அங்குலம் மேலே எழும்பி நின்றது, பாரம் இறங்கிய கழுதை மாதிரி.

ஒவ்வொரு போல்ட்டையும் பழைய பல் அச்சு டப்பாக்களில் போட்டு எண் ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு டப்பாக்கள். அடிச்சட்டியைக் கழற்றியபோது எண்ணெயே இல்லை, தார் மாதிரி ஏதோ இரண்டு கரண்டி. அதில் வெள்ளித் துகள்கள். மூன்றாவது பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டின் பேரிங் உருகி, சப்பாத்தி மாதிரி நசுங்கியிருந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.

கிராங்க்கைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ஆலைத் தெருவில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரரை எல்லோரும் ‘மைக்ரான்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் பொருளை வெளியே விடமாட்டாராம். கிராங்க்கைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, “பாவம், எண்ணெய் இல்லாம ஓடியிருக்கு,” என்றார். பிறகு, “யாரு ஓட்டுனது?” என்றார். நான் சாக்கை மடித்துப் பையில் வைத்தேன்.

பிரிக்கும்போது வேறு ஒன்றும் பார்த்தேன். அது அவ்வளவு முக்கியமில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 6

குட்டி,

போன கடிதத்தில் முக்கியமில்லை என்று எழுதியது பொய். பதின்மூன்று நாளாக அது என்னைத் தின்கிறது. லேபில் ஒருவருடைய கீழ்த்தாடைக்கு இன்னொருவருடைய மேல்தாடையைப் பொருத்தி அனுப்பிவிட்டேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் எண்ணெய் வடிகட்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். எண்ணெய் வெளியே வராமல் இருக்க அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. வடிகட்டியை மாற்றுகிறவர்கள் பழைய வளையத்தை ஊசியால் கிளப்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையது கறுத்து இறுகி இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும். தேடினால்தான் தெரியும்.

பள்ளத்தில் இரண்டு வளையங்கள் இருந்தன. பழையது அடியில், புதியது அதன் தலைமேல். கிண்ணம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சமதரையில் தாங்கியிருக்கும். மலையில் இஞ்ஜின் முழு மூச்சாக இழுக்கும்போது அந்த இடுக்கு வழியாக எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது.

மலைப் பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வடிகட்டியை மாற்றியது நான். வேறு யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை.

இருபது மாதம் குட்டி. அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனாய். அதையே நான் நீ செய்த குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பொருளைக் கெடுத்தது என் கை. மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. மன்னித்துவிடு.

பட்டறைக்காரரிடம் இதை முதலில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “நானும் ரெண்டு தடவ பண்ணியிருக்கேன்,” என்றார்.

அக்கா

---

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் போன கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘வேறு ஒன்றும் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தாய். என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் எப்போது தீர்ந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓடியது என்று இரும்பைப் பார்த்தே உன் பட்டறைக்காரர் சொல்லியிருப்பார். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏழாவது வளைவில் நிறுத்தினேன் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் நான்காவது வளைவிலேயே விழ ஆரம்பித்துவிட்டது. பார்த்தேன். அறுபதிலிருந்து நாற்பது. ஐந்தாவது வளைவில் இருபது. சாவியைக் கொடுக்கும்போது நீ ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாய்: “முள்ளப் பாத்துக்க.”

ஏன் நிறுத்தவில்லை என்றால், பின்னால் அந்தச் சிவப்பு வண்டிக்காரர் வந்துகொண்டிருந்தார். கிளம்பும் இடத்தில் உன்னிடம், “உங்க வண்டி மலை ஏறுமா, இல்ல நாங்க தள்ளணுமா?” என்று சிரித்தாரே, அவரேதான். அவர் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனார் அக்கா. உன் வண்டி அப்படி இழுத்தது. போட்டி இல்லை, வெறும் பயணம்தான் என்று தெரியும். இருந்தாலும் ஏற்பாட்டாளர்கள் வண்டியில் முன்பே போய்விட்ட நீ உச்சியில் நொண்டிக்கொண்டு நிற்பாய், முதல் ஆளாக உன் வண்டி வந்து நிற்கும், உன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். முள் பொய் சொல்கிறது, பழைய வண்டி அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் மூன்று வளைவு அழுத்தினேன்.

நீ திட்டியபோது நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். போன மாதம் கன்றுக்குட்டிக் கணக்கெல்லாம் எழுதி வீறாப்பாகச் சண்டை போட்டேனே, அப்போதும் இது எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

இனி நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

குட்டி

---

ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் எங்கோ ஒரே லாரியில்கூடப் போயிருக்கும், ஒன்றை ஒன்று தெரியாமல்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். இருபது மாதம் நான் என்னைத் திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு ஊசி போடும்போதும் ‘உன் கை பட்டது’ என்று காதில் கேட்கும். அதில் பாதிப் பாரம் உன்னுடையதாக இருந்திருக்கிறது, அதையும் சேர்த்து நான் சுமந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. நீ வளையத்தை மறைத்தாய், நான் முள்ளை மறைத்தேன், இரண்டு பேரும் ஒரே நாளில் உட்கார்ந்து கழுத்தை நீட்டியிருக்கிறோம். உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் கையில் கொடுத்து, நான் எழுதி அனுப்பியதையும் வாயில் நுரையோடு சொன்னேன். “ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு இஞ்ஜினக் கொன்னுட்டு, ரெண்டு வருஷமா தனித்தனியா துக்கம் கொண்டாடியிருக்கீங்க,” என்றார். சிரித்துச் சிரித்து வாயிலிருந்த பற்பசை நுரை அவர் சட்டை மேல் தெறித்துவிட்டது.

அந்த வார்த்தை வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதிக் கிழித்த நான்கு தாள்களையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன், இப்போது சரியாகிவிட்டது. நீயும் என் மூன்று வளைவுகளை மன்னித்துவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி ஓடினால் அந்த மலையில் இன்னொரு முறை என்னை ஓட்டவிடு. நீ பக்கத்தில் உட்கார்.

குட்டி

---

மே 3

குட்டி,

உன் கடிதத்தை லேபிலேயே படித்தேன். கண்ணில் பிளாஸ்டர் தூள் விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மூன்று வளைவா, அதற்கென்ன. அந்தச் சிவப்பு வண்டிக்காரர் எவ்வளவு சின்னதாகப் போனார் என்பதை இன்னொரு முறை விவரமாக எழுது.

இஞ்ஜின் பூட்டியாயிற்று. கிராங்க்கைச் சாணை பிடித்து, சிலிண்டர்களைக் கடைந்து, எல்லாம் பட்டறையிலிருந்து வந்தன. தொட்டால் கண்ணாடி மாதிரி. கொடுக்கும்போது மைக்ரான், “கையுறை போட்டுத் தொடுங்க,” என்றார். நான் என் லேப் கையுறையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பிஸ்டனில் வளையம் மாட்டும்போது ஒன்றை ஒடித்துவிட்டேன். வேறு வளையம் தேடி அவரே மூன்று கடை ஏறி இறங்கினார். போல்ட் முறுக்கும் அளவை அவர் வாசிக்க, நான் முறுக்கினேன். நான் அளந்ததை அவர் மறுபடி அளக்கவில்லை. அவர் யார் அளந்ததையும் நம்பாதவர் என்று பட்டறை ஆட்கள் சொன்னார்கள். வடிகட்டிப் பள்ளத்தை நான் டார்ச் அடித்து ஏழு முறை பார்த்தேன், அவர் இரண்டு முறை பார்த்தார்.

நேற்றுக் காலை செல்ஃப் அடித்தோம். ஓடவில்லை. ‘டப்’ என்று கார்புரேட்டர் வழியாக வெடித்து என் முன்நெற்றி முடி கொஞ்சம் பொசுங்கிவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி டப். பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதுதான் பொறி வரும்படி வைத்தேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான். மைக்ரான் இரும்பைச் சீவுவாரே தவிர மின்சாரத்துக்குப் பயப்படுவார், “அது நம்ம ஏரியா இல்ல,” என்கிறார். நாள் முழுவதும் பார்த்தோம். ஷெட்டில் நாற்காலி போட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்று லேபில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அக்கா

---

மே 8

அன்புள்ள அக்கா,

முதலில் முக்கியமான விஷயம். உன் கடிதத்தில் பட்டறைக்காரர் எத்தனை வாக்கியத்தில் வருகிறார் என்று உன் மாப்பிள்ளை பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். தாள் கட்டம்போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் இஞ்ஜின் கடிதத்தில் எழுதுகிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, இஞ்ஜின். எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுநரிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்த உச்சி?” பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறையாம். ஒருமுறை காற்றை நெருக்கிக்கொண்டு வரும், அப்போதுதான் பொறி வேண்டும். இன்னொரு முறை எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நீ தப்பான உச்சியில் வைத்திருப்பாய் என்கிறார்.

கண்டுபிடிக்கும் வழி எனக்கே பிடித்திருந்தது. முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் விரலை வை. மைக்ரானை—இதோ நானும் எழுதிவிட்டேன்—மெதுவாகக் கிராங்க்கைச் சுற்றச் சொல். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் சரியான உச்சி. தள்ளாவிட்டால் இன்னொரு சுற்று. வாயில்லாத ஜீவன்களிடம் நாங்களும் விரலை வைத்துத்தான் கேட்போம் அக்கா. அவசரப்படாமல் வைத்துக்கொண்டிரு, சொல்லும்.

உடனே எழுது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாய்க்கும் தபால்காரருக்கும் சிநேகமாகிவிட்டது.

குட்டி

---

மே 16

குட்டி,

ஓடுகிறது!

விரலை வைத்தேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. நான் வைத்திருந்த உச்சியில் விரல் சும்மா இருந்தது. இரண்டாவது சுற்றில் பொக்கென்று என் விரலைத் தூக்கி எறிந்தது. அரை வட்டம் தப்பு. பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அரை வட்டம் திருப்பி உட்கார வைத்தேன். மைக்ரான் கதவோரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

முதலில் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எண்ணெய் ஏறும்வரை சும்மா சுற்றவிட்டோம். முள் படுத்தே கிடந்தது. நான் மூச்சுவிடவில்லை. பிறகு ஒரு துடிப்பு. எழுந்து, இருபது, முப்பது என்று ஏறியது. பிளக்குகளை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது.

சத்தத்தை எப்படி எழுதுவது? தகரக் கூரையில் மழை பிடித்தாற்போல. ஷெட்டில் தொங்கிய ஸ்பானர் எல்லாம் ஆடின. பக்கத்து வீட்டு ஓட்டுநர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். தெரிந்த டாக்டரிடம் நான் இரவல் வாங்கி வந்திருந்த, உன்னுடையது மாதிரி ஸ்டெதஸ்கோப்பை மைக்ரான் இஞ்ஜின் மேல் அங்கங்கே வைத்துக் கேட்டார். மூன்றாவது சிலிண்டரில் வெகுநேரம். அப்புறம் அதை என் காதில் மாட்டினார். சுத்தமாக இருந்தது குட்டி. நான் அப்படியே காரைச் சுற்றி ஒரு சுற்று ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில். இது யாருக்கும் தெரிய வேண்டாம்.

முதல் ஐந்நூறு மைல் மெதுவாகத்தான் போக வேண்டும், புது பேரிங் பழகணும் என்று மைக்ரான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். உன் வீடு நூற்றுத் தொண்ணூறு மைல். போகவும் வரவும் அதற்குள் அடங்கும். அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்புகிறேன். மலைக்குப் போகும்போது நீதான் ஓட்டுகிறாய்.

அக்கா

---

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீ போய் நான்கு நாளாகிவிட்டது. தெருவில் இன்னும் அதே பேச்சுதான். நீ வந்து நின்றபோது முகமெல்லாம் புழுதி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டம். எனக்கு அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு பேரும் வாசலில் என்ன பேசினோம் என்று உன் மாப்பிள்ளை கேட்கிறார். ஒன்றும் பேசவில்லை, பேசியிருந்தால் ஞாபகம் இருக்கும் என்றேன்.

மலையில் நீ ஒரு முறைகூட வெளியே பார்க்கவில்லை. முள்ளையே பார்த்து, “அறுபது… அம்பத்தெட்டு… அறுபது,” என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசித்துக்கொண்டே வந்தாய். உச்சிக்கு வந்து இஞ்ஜினை நிறுத்தியபிறகுதான் கீழே கடல் தெரிகிறது என்று கவனித்தாய். “இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டாயே, அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வரி எழுது.

குட்டி

---

ஜூன் 8

குட்டி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. லாரி, பள்ளிக்கூட பஸ், பால்காரர் மோட்டார் சைக்கிள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின, எல்லோரும் கை காட்டினார்கள். நானும் காட்டினேன். பாதி வழி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டேன். மலையில் நீ ஓட்டியதைப் பார்த்தேன். முள்ளைத்தான் பார்த்தேன் என்று நினைக்காதே. வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, இஞ்ஜினை ஒரு முறைகூடத் திணறவிடாமல் எடுத்துப் போனாய். நான் அப்படி ஓட்ட மாட்டேன். உன் கை நல்ல கை.

நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆலைத் தெருவுக்குப் போனேன். பட்டறை மூடும் நேரம். சத்தம் கேட்டு அவர் வெளியே வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “தங்கச்சி எப்படி ஓட்டுனாங்க?” என்றார். “என்னை விட நல்லா,” என்றேன். இவ்வளவு நாள் வேலை செய்தாரே தவிர அவர் இந்த வண்டியில் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. ஏறுங்கள் என்றேன். கைகளைத் துடைத்து, செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு ஏறினார்.

இரண்டு தெரு போனோம். திரும்பலாமா என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம் போலாமே,” என்றார். ஏரிக்கரை வரை போனோம். புது இஞ்ஜின், வேகம் கூடாது என்று அவரேதான் சொல்லியிருந்தார். அதனால் மிக மெதுவாகத்தான் போனோம்.

அக்கா